ஓயாமல் இறைக்க வேண்டிய குழி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பியூட் நகரை ஒட்டிக் கிடக்கும் பெர்க்லி குழி, 1955 முதல் 1982 வரை தாமிரத்துக்காகத் தோண்டப்பட்ட திறந்தவெளிச் சுரங்கம். வேலை நடந்தவரை பம்புகள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருந்தன. 1982இல் அவற்றை நிறுத்தியதும் பழைய சுரங்கப் பாதைகளிலும் பிறகு குழியிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஊறி வந்த தண்ணீர் வழியிலேயே கெட்டது. அந்தப் பாறையில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு. காற்றுப் படாமல் புதைந்து கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெட்டித் திறந்துவிட்டால் காற்றும் ஈரமும் பட்டு அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. இரும்பிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்கள் அதைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. அமிலம் பாறையிலுள்ள தாமிரம், துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொள்கிறது. 1995இல் குழியில் தேங்கிய அந்த ஏரியில் இறங்கிய பனிவாத்துகளில் 342 செத்தன.

இத்தனை நஞ்சிலிருந்தும் பக்கத்திலுள்ள நிலத்தடி நீரைக் காப்பாற்றுவது வெறும் மட்ட வேறுபாடு. குழியின் நீர் தாழ்ந்திருக்கும்வரை, இறைத்த கிணற்றுக்கு ஊற்று வருவதுபோலச் சுற்றுப்புறத் தண்ணீர் உள்ளே வருமே தவிர, குழிநீர் வெளியே போகாது. கடல் மட்டத்துக்கு மேல் 5,410 அடி என எல்லை குறித்திருக்கிறார்கள். அதைத் தாண்டவிட்டால் ஓட்டம் திரும்பிவிடும் என்பது அச்சம். அதனால்தான் 2003இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டது. 2019 முதல் குழிநீரையே இறைக்கிறார்கள். முறை பழையதுதான்: சுண்ணாம்பு அமிலத்தை முறிக்க, கரைந்த உலோகங்கள் சேறாகப் படிகின்றன. அந்தச் சேற்றையும் எங்காவது போட்டாக வேண்டும். போட்ட இடம் அதே குழி!

மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மூடினாலும் மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் ஏறத்தான் செய்யும். அடியில் ஆயிரக்கணக்கான மைல் சுரங்கப் பாதைகள் வேறு இருக்கின்றன. தண்ணீரிலுள்ள தாமிரத்தை விற்றுச் செலவை ஈடுகட்டலாமே என்பார்கள். பழைய இரும்பின் மேல் ஓடவிட்டுத் தாமிரத்தைப் பிரித்தும் பார்த்தார்கள். ஆனால் விலைபோகாத நஞ்சுகள் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. எல்லாச் சுரங்கமும் இப்படியா என்ற கேள்விதான் நியாயமானது. இல்லை, சுண்ணாம்புக்கல் கலந்த பாறை தன் அமிலத்தைத் தானே முறித்துக்கொள்ளும். எந்தப் பாறை எந்த வகை என்பதைத் தோண்டும் முன்பே ஆய்வகத்தில் ஓரளவு கணித்துவிடலாம். ஆகவே பைரைட் மிகுந்த பாறைக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம், தாமிரம் எத்தனை ஆண்டு வரும் என்பதோடு, அது தீர்ந்த பிறகு யார் இறைப்பார்கள், அதற்கான பணம் எங்கே என்றும் அரசு முதலிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.