முகம் பாராமல் கேட்பவர்கள்

பெருந்துறைப் பேருந்து நிலையத்தில் ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் போகிற தனியார் பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏர்ஹாரனை அலறவிடும் வேளையில், ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவானாயின், சுற்றி நிற்பவர்கள் அவனை விநோதமாகப் பார்ப்பார்களேயன்றி, ஹாரனைக் குற்றம் சொல்லமாட்டார்கள். வயதான அம்மாள் ஒருத்தி, "ஏஞ்சாமி, என்ற மூஞ்சியப் பாத்துப் பேசு கண்ணு" என்று வாஞ்சையோடு அவன் மோவாயைத் திருப்பவும் கூடும். அன்பில் குறையில்லை. ஆனால், பிறர் கண்ணை நோக்குவது தமக்குப் பெரும் சிரமம் என்றும், நோக்கினால் காதில் விழும் சொல் மனத்தில் தங்குவதில்லை என்றும், உடம்பை ஆட்டுவது கலக்கத்தை ஆற்றிக்கொள்ளும் உபாயம் என்றும் ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஆட்டிசத்தைப் பற்றி வெகுகாலம் பேசியவர்கள் வெளியிலிருந்து பார்த்தவர்களே; தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்ற கொடிய அபிப்பிராயம்கூட ஒரு காலத்தில் சாஸ்திரமாக உலவிற்று. 1986-இல் டெம்பிள் கிராண்டின் தம் சரித்திரத்தைத் தம் வாயாலேயே சொன்ன நூல் வெளிவந்தது. ஆட்டிசம் உடைய இந்த அம்மையார், மந்தைகளைக் கையாளும் பட்டிகளை வடிவமைப்பதில் பேர்பெற்றவர். மாடுகள் ஏன் நடைபாதையில் மிரண்டு நிற்கின்றன என்று அறிய, அவரே அந்தப் பாதைக்குள் குனிந்து புகுந்து பார்த்தார். தொங்கும் சங்கிலியும், விழும் நிழலும், வேலியில் மாட்டிய மேலங்கியும் அங்கே தெரிந்தன. தாம் படங்களாகவே சிந்திப்பதால் இவை தம் கண்ணில் பட்டன என்பது அவர் கூற்று. அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்துப் பழகிய நம் குடியானவர்களுக்கு இந்த நுட்பத்தை விளக்கவே வேண்டாம். ஆயினும் ஆட்டிசம் உடையோர் எல்லோரும் அப்படிச் சிந்திப்பவர்கள் அல்லர் என்பதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

1993-இல், தாமும் ஆட்டிசம் உடையவரான ஜிம் சின்கிளேர், அத்தகைய குழந்தைகளின் பெற்றோர்களை நோக்கிச் சொன்னது இன்னும் கூர்மையானது: நீங்கள் துக்கப்படுவது, எதிர்பார்த்தும் பிறவாத ஒரு குழந்தைக்காக; உங்கள் எதிரில் இருக்கும் குழந்தையை அந்தத் துக்கத்தின் பாரத்தைச் சுமக்க விடாதீர்கள் என்பது அதன் சாரம். ஆட்டிசம் உடைய பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன், 2012-இல், ஆட்டிசம் உடையோருக்கும் மற்றோருக்கும் இடையே புரியாமை இருதரப்பிலும் உண்டு என்று வாதித்தார். பஸ் நிலையத்துச் சிறுவனுக்கு நம் மனம் தெரியவில்லை என்று அங்கலாய்க்கும் நமக்கு, அவன் மனம் எவ்வளவு தெரியும்?

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 21 வகை மாற்றுத்திறன்களை அங்கீகரித்த 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. தமிழில் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல் இதைக் கதைப்பொருளாக்கிற்று. எனினும் ஆட்டிசம் உடையவர் தாமே தமிழில் எழுதியதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அது நம் இலக்கியத்துக்கே நஷ்டம்.

எழுதவும் பேசவும் இயலாதவர் கதி என்ன என்று வாசகர் கேட்கலாம். நீட்டிய தட்டைத் தள்ளிவிடுவதும் ஒரு பதில். படஅட்டையை எடுத்துக் கொடுப்பதும் ஒரு வாக்கியம். வகுப்பில் கடகடக்கும் மின்விசிறியின் கீழிருந்து ஜன்னலோரப் பெஞ்சுக்கு நாள்தோறும் நகர்ந்து போகிற பையனின் செய்கையை அடங்காமை என்று எண்ணாமல், அவன் கொடுத்த மனுவாகவே ஏற்று, வாத்தியார் அங்கேயே அவனுக்கு இடம் ஒதுக்கிவிடலாம். அதற்கு அரசாணை எதுவும் வரவேண்டியதில்லை.