காற்றை ஏவல்கொள்ளும் கலை

கரிகால் வளவனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலஞ் செலுத்தினான் என்பது புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கூறும் செய்தி. இதனைக் கற்பிக்குந்தோறும் நாம் இடர்ப்படுவதுண்டு. "காற்று அடிக்கும் திசையிலன்றோ கலம் போகும்? பிறகு ஏவல் ஏது, ஐயா?" என்பர் மாணவர். அக்கரைப்பற்றுக் கடலோரத்தில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. எனினும் பிள்ளைகள் கண்டு வளர்ந்தவை எந்திரம் பூட்டிய தோணிகளே. ஆதலின் விடை கூறச் சென்னைப் பாய்க்கல வீராங்கனை நேத்ரா குமணனைத் துணைக்கொள்கின்றோம். (குமணன் என்ற பெயரும் புறநானூறு கற்றார்க்குப் புதிதன்று!)

பக்கத்தே வீசும் காற்று வளைந்த பாயின் இருபுறமும் வெவ்வேறு வேகத்தோடு செல்லும். அதனால் அழுத்தம் வேறுபட்டுப் பறவையின் சிறகை எழுப்புவதொத்த விசை பாயை இழுக்கும். அடியில் நீருள் இறங்கிய பலகை கலம் பக்கவாட்டில் நழுவாது தடுக்க, கலம் முன்னே செல்லும். காற்றுக்கு நேர் எதிரே மட்டும் செல்லவியலாது. எதிர்த்து ஏறுவோர் ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறிமாறித் திரும்புவர். எப்போது திரும்புவது என்பதிலேதான் போட்டி முழுதும் அடங்கியுள்ளது. நின்று செலுத்தும் பாய்ப்பலகைக்கும் இதுவே விதி.

நேத்ரா செலுத்துவது லேசர் ரேடியல் என்னும் தனியாட் கலம், நீளம் 4.2 மீற்றர், பாய் 5.76 சதுர மீற்றர். எல்லார்க்கும் ஒரேவகைக் கலமாதலின், வேறுபாடு செலுத்துவோரிடத்தே உளது. காற்று வலுத்தாற் கால்களைப் பட்டையிற் கோத்து, உடலைக் கடல்மேற் சாய்த்துத் தொங்கியவாறே சுக்கானையும் பாயையும் ஆளவேண்டும்.

1997இற் பிறந்த இவர், தமிழ்நாட்டுப் பாய்க்கலச் சங்கத்தின் கோடைமுகாமொன்றில் இக்கலையைத் தொடங்கினார். ஆசிய விளையாட்டு விழாவில் 2014இல் ஏழாமிடம், 2018இல் ஐந்தாமிடம். பின்னர் ஸ்பெயினுக்குரிய கிரான் கனாரியாத் தீவிற் பயின்றார். 2020 சனவரியில் மியாமியில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில் வெண்கலம் பெற்றார்; இந்தியப் பெண் எவரும் அதுவரை பெறாதது. 2021 ஏப்பிரலில் ஓமானில் நடந்த தகுதிப்போட்டியால், ஒலிம்பிக் பாய்க்கலப் போட்டிக்குச் செல்லும் முதல் இந்தியப் பெண்ணுமானார்.

தோக்கியோவில் 44 பேருள் 35ஆமிடமே கிட்டியது. இங்கே புள்ளிமுறையை அறிதல் வேண்டும். முதல்வருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு என ஓட்டந்தோறும் இட்டு, மிகக் கெட்ட ஓட்டமொன்றை நீக்கிக் கூட்டுவர். குறைந்த தொகையே வெற்றி. எனவே ஒருநாள் முந்தி மறுநாள் பிந்துவோனுக்கு இங்கு இடமில்லை. தேர்வுக்கு முன்னிரவு மட்டும் படிக்கும் நம் மாணவர் சிலர்க்கு இம்முறை உவப்பாகாது! மூன்றாண்டு உழைத்து, 2024 ஏப்பிரலிற் பிரான்சின் இயேர் நகரில் நடந்த இறுதித் தகுதிப்போட்டியில் மீண்டும் தகுதிபெற்று, அவ்வாண்டு மார்செய்க் கடலில் 43 பேருள் 21ஆமிடம் எய்தினார். மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின் பதினான்கு படி ஏற்றம், பதக்கமில்லை. நாளேடுகளுக்கு இது சிறுசெய்தி. எமக்கோ இதுவே பெரிதாகப் பட்டது.

இதை வகுப்பிற் சொல்லி முடித்த அன்று மாலை, மீனவர் குடியிற் பிறந்த மாணவி ஒருத்தி தன் அப்பப்பாவைக் கடற்கரையில் எமக்குக் காட்டினாள். எதிர்க்காற்றில் ஏறுவது எங்ஙனம் என்று வினவினோம். அவர் பேசவில்லை. உள்ளங்கையைப் பாய்போல் நிமிர்த்தி, காற்றுக்குச் சாய்த்து, இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பேத்தி தன் கையையும் அவ்வாறே சாய்த்துப் பார்த்தாள்.