காற்றா கொன்றது?

அமெரிக்காவின் வட எல்லையிலே சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ என்று ஐந்து பேரேரிகள் இருக்கின்றன. பெயர்தான் ஏரி, கரையில் நின்று பார்த்தால் அக்கரை தெரியாது. அந்த ஏரிகளையொட்டித்தான் சிகாகோவும் டெட்ராய்ட்டும் டொலிடோவும் தொழில் நகரங்களாக எழுந்தன. அங்கே மோட்டார் செய்தார்கள், உருக்கு வார்த்தார்கள், சங்கமும் அமைத்தார்கள். அந்த ஏரி நாட்டு வசந்தத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறோம்.

வசந்தம் என்றால் தென்றலைப் பாடுவது புலவர் வழக்கம். ஏரி நாட்டுத் தொழிலாளிக்கோ அது வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய காலம். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் சுமந்து ஒரு காற்று வரும். வடக்கே கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கும். உயரத்திலே கடும் வேகத்தில் இன்னொரு காற்று வேறு திசையில் ஓடும். இவை கூடும் இடத்தில் இடிமேகம் திரண்டு சுழலத் தொடங்கும். அதிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு கரிய தூண் தரையைத் தொடும். அதற்கு டொர்னேடோ என்று பெயர். நமது கடற்புயலாவது வருவதற்குச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். இந்தச் சுழற்காற்று சில நிமிடங்களில் ஒரு தெருவைத் துடைத்தெடுத்துவிட்டுப் போய்விடும். வசந்தத்தில் ஏரி நீர் குளிர்ந்து கிடப்பதால் கரையோரத்தில் மேகத்தின் வேகம் சில வேளை தணிவதுண்டு. அதை நம்பிச் சற்று உள்ளே இருக்கும் ஊர்கள் உறங்க முடியாது.

மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்றொரு நகரம். தொழிற்சங்க வரலாறு அறிந்த தோழர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1936-ஆம் ஆண்டு இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, 44 நாட்கள் போராடி, 1937 பிப்ரவரியில் சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிய தொழிலாளர்களின் ஊர் அது. அந்த ஊரின் வடக்கே பீச்சர் என்ற குடியிருப்பு. 1953 ஜூன் 8-ஆம் தேதி இரவு சுமார் எட்டரை மணிக்கு அங்கே சுழற்காற்று இறங்கியது. 116 பேர் மாண்டார்கள். 844 பேர் காயமுற்றார்கள். சுமார் 340 வீடுகள் தரைமட்டமாயின. அதன் பிறகு ஒரே சுழற்காற்றில் நூறு பேருக்கு மேல் மாண்ட கொடுமை, 2011-ஆம் ஆண்டு மிசூரியின் ஜோப்லின் நகரில்தான் அந்நாட்டில் மறுபடி நேர்ந்தது.

அந்த அழிவுக்கு விடை சொன்னவர்களும் உழைப்பாளி மக்களே. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், இரண்டே நாட்களில், ஆயிரக்கணக்கானோர் சுத்தியலும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்து கூலி வாங்காமல் 193 வீடுகளைக் கட்டி எழுப்பினார்கள். கூடினால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1880-களிலேயே ஜான் ஃபின்லி என்ற ராணுவ அதிகாரி, சுழற்காற்று தோன்றும் சூழ்நிலையை முன்கூட்டியே கணிக்க முயன்றார். அரசு அவருக்கு ஊக்கம் அளித்ததா? ‘டொர்னேடோ’ என்ற சொல்லையே வானிலை முன்னறிவிப்பில் பயன்படுத்தக்கூடாது என்று தடுத்தது! மக்கள் பீதியடைவார்களாம்! அந்தத் தடையும் தயக்கமும் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1948 மார்ச் 25-ஆம் தேதி, ஓக்லஹாமா விமானத் தளமொன்றில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு ராணுவ வானிலையாளர்கள் சுழற்காற்று வரும் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே அது வந்தது. 1952-ல்தான் பொதுமக்களுக்கான வானிலை நிலையம் இத்தகைய அறிவிப்புகளை வெளியிடத் தொடங்கியது. உண்மை தெரிந்தால் மக்கள் கலங்கிவிடுவார்கள் என்பது ஆள்வோர் எந்நாளும் சொல்லும் சாக்கு. உண்மை தெரியாமல் செத்தவர்களின் கணக்கை யார் எழுதுவது?

அறிவித்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை 1965 ஏப்ரல் 11-ல் கிடைத்தது. அன்று குருத்தோலை ஞாயிறு. நீண்ட குளிர்காலம் போய், வெயில் இதமாக இருந்த விடுமுறை நாள். ஐயோவா, விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், ஓஹியோ ஆகிய ஆறு மாநிலங்களில் சுழற்காற்றுகள் அடுத்தடுத்து இறங்கின. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வானிலை நிலையம் எச்சரிக்கை விடுத்துத்தான் இருந்தது. அது பலர் காதில் விழவில்லை. விழுந்தவர்களுக்கோ, ‘வரக்கூடும்’ என்கிறார்களா, ‘வந்துவிட்டது’ என்கிறார்களா என்று புரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்து, தனித்தனிச் சொல்லால் அறிவிக்கும் முறை அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் ஊன்றியது.

அன்று இந்தியானாவில், எல்கார்ட் நகரையடுத்த டன்லப்பில், ஒரு டிரெய்லர் குடியிருப்பைக் காற்று சூறையாடியது. அஸ்திவாரம் இல்லாமல், இழுத்து வந்து நிறுத்தப்படும் மெல்லிய வீடுகள் அவை. அத்தகைய வீடுகளைச் செய்யும் ஆலைகள் நிறைந்த வட்டாரமும் அதுவே. ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு சுழற்காற்று வந்து பக்கத்துக் குடியிருப்பையும் அழித்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் நேரில் வந்து பார்த்தார். டிரெய்லர் வீடுகள் அகன்றனவா? இல்லை, பெருகின. அமெரிக்காவில் சுழற்காற்றால் வீட்டுக்குள் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அண்மைப் பத்தாண்டுகளில் இந்த வீடுகளில் இருந்தவர்கள். நாட்டு மக்களில் மிகச் சிறு பங்கினரே இவற்றில் வாழ்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது!

2022 மே 20-ஆம் தேதி, மிச்சிகனின் வடக்கே கேலார்டு என்ற சிற்றூரில் சுழற்காற்று வீசியது. தொலைபேசிக்கு எச்சரிக்கை வந்தது. ஊரிலோ அபாயச் சங்கு இல்லை. மாண்டவர் இருவர். இருவரும் டிரெய்லர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். அறுபது ஆண்டு விஞ்ஞானம் எத்தனையோ உயிர்களைக் காத்தது உண்மை. காக்காமல் விட்டது யாரை என்பதும் உண்மை.

இதற்குப் பிறகும் பாடம் படித்தார்களா? 2025-ஆம் ஆண்டில் சிக்கனம் என்ற பெயரால் அந்நாட்டு வானிலை நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. சில மாதங்களில், மீண்டும் ஆளெடுக்க அரசே அனுமதி தர வேண்டியதாயிற்று. வானத்தைக் கண்காணிப்பவனின் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது, ஊர்க் காவற்காரனை அனுப்பிவிட்டுத் திண்ணையில் தூங்குவது போன்றது.

காற்றுக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை. ஆனால் சுவருக்கு உண்டு. உறுதியான வீட்டில், நிலவறைக்குள் இறங்கியவன் பிழைக்கிறான். தகரக் கூட்டில் கிடப்பவன் சாகிறான். இதை விதி என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். விதியென்றால், சரியான நேரத்தில் ஊதிய சங்கு எப்படி அதை மாற்றியது? கெட்டியாகக் கட்டிய சுவர் எப்படி அதைத் தடுத்தது?

காற்றை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. எச்சரிக்கை கடைசிக் குடிசை வரை போய்ச் சேரவும், ஏழை ஒதுங்குவதற்குக் கெட்டியான ஓர் இடம் இருக்கவும் செய்ய எந்த அரசாலும் முடியும். முடிந்ததைச் செய்யாதவர்கள் இயற்கையின் மீது பழிபோடும்போது, கணக்குக் கேட்பது தொழிலாளியின் உரிமை. ஏரிக்கரையானாலும் சரி, எந்தக் கரையானாலும் சரி, அந்தக் கேள்வியை நாம் விடப்போவதில்லை.