அடுப்பைப் பார்த்து நுழையுங்கள்

பெங்களூருவில் ‘தாவணகெரே பெண்ணெ தோசை’ என்ற பெயர்ப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹூப்ளி செல்லும் வழியில் அசல் தாவணகெரேயில் இறங்கும் பயணிக்குத்தான் குழப்பம்: எந்தக் கடைக்குப் போவது?

பலகையை நம்பிப் பயனில்லை. அடுப்பைப் பார்க்க வேண்டும். விறகு எரிகிறதா? கல்லில் தாராளமாக விழுவது வெள்ளை வெண்ணெய்தானா? மாவில் அரிசி, உளுந்தோடு பொரியும் அரைபடுவதால் தோசை வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்குப் பல்யாவும். சாம்பார் கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

பொரிக்கு ஊரில் பஞ்சமில்லை. மண்டக்கி என்ற பெயரில் அது மாலையில் மிளகாய் பஜ்ஜியோடு மறுபடி தட்டுக்கு வரும்.

பருத்தி ஆலைகளால் ஒரு காலத்தில் ‘கர்நாடகத்தின் மான்செஸ்டர்’ எனப்பட்ட ஊர் இது. ஆலைகளின் ஓசை அடங்கிவிட்டது. ஊர்ப் பெயரைச் சுமப்பது இன்று தோசைதான். கேஸ் அடுப்பு வந்தால் வேலை சுலபம், ஆனால் விறகின் வாசம் போய்விடும்.

ஆட்டோக்காரரிடம் ‘நல்ல ஹோட்டல் எது?’ என்று கேட்டால் மேஜை விரிப்புள்ள இடத்துக்குக் கொண்டுபோவார். ‘நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்பதே உத்தமம்.