1857: ஓர் ஆண்டின் கதை

செலாயாங் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை வேளைகளில் சில நாள்களில் ஒரு காட்சியைக் காணலாம். கையில் இயந்திரம் ஏந்திய பணியாளர்கள் கால்வாய் ஓரங்களிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் வெண்புகை அடித்துச் செல்வார்கள். நாம் சன்னல்களை மூடுகிறோம், மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், புகை கலைந்ததும் அதை மறந்துவிடுகிறோம். கொசுவை ஒழித்தால் நோயைத் தடுக்கலாம் என்பது இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், இந்த உண்மையை உலகம் அறியாத காலம் ஒன்று இருந்தது. அந்த அறியாமைக்கு நம் தலைநகரம் தன் பிறப்பிலேயே பெரும் விலை கொடுத்தது. அக்கதை 1857ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

செலாயாங் வழியே ஓடும் பத்து ஆறு தெற்கே சென்று கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றைச் சந்திக்கும் இடத்தில் இன்று ஜாமிக் பள்ளிவாசல் நிற்கிறது. 1857இல் இந்த ஆற்றுச் சந்திப்பைச் சுற்றிக் காடும் சேறுமே மிகுந்திருந்தன. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாட்டும் அப்பகுதியில் ஈயம் தோண்ட முடிவு செய்தனர். இதற்காக மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் பெற்றனர். சீனத் தொழிலாளர்கள் 87 பேர் படகில் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி வந்தனர். ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி, காட்டு வழியாக நடந்து அம்பாங்கை அடைந்தனர்.

ஒரு மாதத்திற்குள் அவர்களில் 69 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது புலியும் அன்று, பகைவரும் அல்லர், மலேரியாக் காய்ச்சல். எஞ்சியவர்கள் 18 பேர் மட்டுமே. இருப்பினும், மேலும் 150 பேர் அனுப்பப்பட்டனர். 1859இல் அம்பாங்கிலிருந்து முதல் ஈயம் ஏற்றுமதியானது. சுரங்கத்திற்குப் பொருள்கள் இறக்கப்பட்ட அந்தச் சேற்றுக்கரையே கோலாலம்பூராக வளர்ந்தது. ராஜாக்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. இறந்த 69 பேரோ நம் பாடங்களில் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கிறார்கள்.

அதே ஆண்டில் இந்தியாவில் பெரும் புயல் வீசியது. மே 10ஆம் நாள் மீரட் நகரில் இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி டில்லி, கான்பூர், லக்னோ எனப் பரவியது. அதன் விளைவாக மறு ஆண்டே கம்பெனி ஆட்சி முடிவுக்கு வந்தது. இந்தியா நேரடியாகப் பிரிட்டிஷ் அரசின் கீழ் வந்தது. இந்தப் புயலின் அதிர்வு நம் கரையையும் எட்டியது. அப்போது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்ற மாநிலங்கள் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. இந்த ஆட்சி வேண்டாம், இலண்டனே எங்களை நேரடியாக ஆளட்டும் என்று சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் 1857இல் விண்ணப்பித்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1867இல் அக்கோரிக்கை நிறைவேறியது.

போர்க்களங்களுக்கு நடுவே கல்விக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857இல்தான் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் செப்டம்பர் 5. அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. ஓலைச்சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவர்களுள் அவர் முன்னோடி. 1887இல் அவர் கலித்தொகையைப் பதிப்பித்தார். இன்று நாம் சங்க இலக்கியத்தை அச்சு நூலில் படிக்க வழிவகுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

உலகின் பிற பகுதிகளிலும் அவ்வாண்டு புதியன தோன்றின. நியூயார்க் நகரின் ஐந்து மாடிக் கடை ஒன்றில், மக்கள் ஏறிச்செல்லும் பாதுகாப்பான மின்தூக்கியின் முன்னோடியை எலிஷா ஓட்டிஸ் மார்ச் மாதத்தில் நிறுவினார். அன்று அது நீராவியால் இயங்கியது. வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த கோலாலம்பூரும் அக்கட்டடங்களில் நம்மை ஏற்றிச் செல்லும் கருவியும் ஒரே ஆண்டில் பிறந்தன எனலாம்.

1857இல் பிறந்த குழந்தைகளுள் பலர் பின்னாளில் புகழ் பெற்றனர். பிப்ரவரி 22ஆம் நாள் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பிறந்தார். மின்காந்த அலைகள் உண்மையில் இருப்பதை அவர் சோதனை வழி மெய்ப்பித்தார். வானொலியும் கைப்பேசியும் அவ்வலைகளால்தான் இயங்குகின்றன. அதே நாளில் இலண்டனில் பிறந்தவர் பேடன் பவல். நம் பள்ளிகளில் நாம் காணும் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் அவரே. நவம்பரில் ஜெனிவாவில் மொழியியல் அறிஞர் சசூர் பிறந்தார். டிசம்பரில் ஜோசப் கொன்ராட் பிறந்தார். கப்பலோட்டியாக நம் மலாய்த் தீவுக்கூட்டக் கடல்களில் பயணம் செய்து, பின் நாவலாசிரியரானவர் அவர்.

ஆனால், நம் கதைக்குரிய பிறப்பு வேறொன்று. மீரட் கிளர்ச்சி வெடித்து மூன்று நாள் கழித்து, இமயமலை அடிவாரத்திலுள்ள அல்மோராவில், படை அதிகாரி ஒருவரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் பெயர் ரோனல்ட் ரோஸ். அம்பாங்கில் 69 பேர் மலேரியாவால் மாண்ட அதே ஆண்டில், அந்நோயின் புதிரை அவிழ்க்கப் போகிறவர் பிறந்துவிட்டார். அது அன்று யாருக்கும் தெரியாது.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். மருத்துவம் படித்த ரோஸ் 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கூறியதைக் கேட்ட பிறகு, அதனை மெய்ப்பிக்க ரோஸ் முனைந்தார். கடும் வெப்பத்தில், உருப்பெருக்காடியின் கீழ் எண்ணற்ற கொசுக்களை அறுத்துப் பார்த்தார். தோல்விமேல் தோல்வி. உசேன் கான் என்னும் நோயாளி தம் உடலில் கொசுக்களைக் கடிக்கவிட்டு ஆய்வுக்கு உதவினார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில், அனோபிலிஸ் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ரோஸ் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

கண்டுபிடிப்பு ஏட்டில் மட்டும் இருந்தால் உயிர்கள் பிழைப்பதில்லை. அதனை மண்ணில் செய்து காட்டிய இடங்களுள் ஒன்று நம் கிள்ளான். 1901இல் அங்கு மருத்துவராக வந்த மெல்கம் வாட்சன், ஊரே காய்ச்சலில் படுத்திருப்பதைக் கண்டார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானிலும், காய்ச்சல் பரவியது. வாட்சன் சதுப்பு நீரை வடிகால் வெட்டி அகற்றச் செய்தார். புதர்களை வெட்டச் செய்தார். ஓராண்டிலேயே நோய் வெகுவாகக் குறைந்தது.

ஆனால், ஓரிடத்தில் பலித்த வழி எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலான சதுப்பில் வளர்ந்தது. காட்டை வெட்டினால் அது அகன்றது. மலைப்பகுதியிலோ வேறொரு கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிட்டது. அங்கே காட்டை வெட்டியதும் காய்ச்சல் பெருகியது. அவ்வாறு காடு வெட்டி எழுந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். பெரட்டு எனப்படும் காலை அணிவகுப்பிலேயே அவர்களுக்குக் கொய்னா மருந்து கொடுக்கப்பட்ட தோட்டங்கள் உண்டு. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் மலைத்தோட்டங்களில் நோய் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் தங்கள் உறவுகளை இழந்திருந்தன.

2018 தொடங்கித் தொடர்ந்து சில ஆண்டுகளாக, மனிதரிடையே பரவும் மலேரியா நம் நாட்டுக்குள் ஒருவரையும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. எனினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் ஒருவகை மலேரியா இன்னும் உள்ளது. நகரவாசிகளாகிய நம்மை இன்று அச்சுறுத்துவதோ ஏடிஸ் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல். ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பு நிலம் வேண்டியதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டில், மாடியில் கிடக்கும் பழைய வாளியில் தேங்கும் மழைநீரே போதும். ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முட்டை பறக்கும் கொசுவாகிவிடும். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். நீரில் நெளியும் புழுக்களைக் கொல்லாது. அவற்றை அகற்ற நம் கைகளே வேண்டும்.

வரலாற்று நூலில் ஓர் ஆண்டின் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்த வரிகளாக நிற்கும். ‘1857: அம்பாங்கில் 69 பேர் மரணம்’ என்பது ஒரு வரி, ‘1857: ரோனல்ட் ரோஸ் பிறப்பு’ என்பது அடுத்த வரி. அந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று சந்திக்க 40 ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. சந்தித்த உண்மை கிள்ளான் மண்ணில் பயன் தர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அந்த 69 பேருக்கு எதிரி யாரென்றே தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் வாளியில் நீரைத் தேங்கவிட்டால், அதற்கு அறியாமை என்று பெயரில்லை.