வெள்ளை உப்பும் கறுத்த முகமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரியை நோக்கிச் செல்பவர், மரக்காணத்தை நெருங்கியதும் கட்டம் கட்டமாக விரியும் பாத்திகளையும், அவற்றுக்கு அப்பால் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களையும் கண்டுவிட்டு, கையில் காமிராவும் இருக்குமாயின், வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். பிலிம் ரோல் போட்டுப் படம் எடுக்கும் மோகம் இளைஞரிடையே மீண்டும் தலைகாட்டியிருக்கும் இந்நாளில், எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஒரு கலர் பிலிம் எது என்று கேட்பவர்களுக்கு, அதை உப்பளத்தில் சோதித்துப் பாருங்கள் என்பதே என் பதில்.

உச்சிவெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் உப்பும், அதைப் பலகையால் வாரிக் கரை சேர்க்கும் தொழிலாளியின் தலைத்துண்டு நிழலில் ஒதுங்கிய கறுத்த முகமும் ஒரே படத்தில் அமைய வேண்டியிருக்கிறது. ஸ்லைடு பிலிம் இவ்விரண்டையும் சேர்த்துத் தாங்காது. உப்பைக் காத்தால் முகம் இருண்டுவிடும், முகத்தைக் காத்தால் உப்பு வெறும் வெளுப்பாகிவிடும். ரகுபீர் சிங் போன்ற மேதைகள் கோடாக்ரோம் ஸ்லைடில் இந்தியாவின் வர்ணங்களை அற்புதமாகப் பிடித்தார்கள் என்பது மெய்தான். ஆயினும் 1935-இல் பிறந்த அந்தப் பிலிம் 2009-இல் நிறுத்தப்பட்டுவிட்டது, அவர்களுடைய கைத்தேர்ச்சியும் நம்மில் பலருக்கு இல்லை. நெகடிவ் பிலிமோ ஒளி இரண்டு ஸ்டாப் மிகுந்தாலும் பொறுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஒளி குறைந்தால்தான் நிழல்களில் விவரம் அழிந்து, மண்ணை அள்ளிப் பூசினாற்போல் ஆகிவிடும்.

கறுத்த முகம் என்றேனே, அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. லேப்களில் வர்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவளுடைய சருமமே அளவுகோலாக இருந்தமையால், பழுப்பும் கறுப்புமான முகங்கள் நெடுங்காலம் நுட்பம் இழந்து பதிவாயின. பிற்பாடு பிலிம் திருத்தப்பட்டதற்கு, சாக்லேட்டும் மரச்சாமானும் விற்ற வியாபாரிகள், தங்கள் சரக்கின் பழுப்பு வேற்றுமைகள் படத்தில் விழவில்லை என்று முறையிட்டதும் ஒரு காரணம் என்பார்கள். மனிதர்களுக்காகச் செய்திருக்க வேண்டியதை மேஜை நாற்காலிக்காகச் செய்தார்கள்!

பிலிமின் வேகத்தை, அதாவது அதன் ஒளியுணர்வைப் பொறுத்தவரை, மேகம் கவிந்த தேசத்தார் எழுதும் புத்தகங்கள் 400 என்று உபதேசிக்கும். ஐப்பசி மழை வரும்வரை வெயிலுக்குக் குறைவில்லாத இக்கரையில் 200 போதுமென்பதே என் துணிபு. கோடாக் கோல்டு 200-ஐ எடுத்துக்கொண்டால், அதன் சற்றே மஞ்சள் சாய்ந்த இளவெப்ப நிறம் நம் சருமத்துக்கு இசைவானது. வெண்மையில் அச்சாயல் தெரியத்தான் செய்யும், காலை மாலை ஒளியில் அதுவே சோபையாகவும் அமையும். எக்டார் 100 வர்ணங்களை அதிகம் முறுக்கிக் காட்டும், பொறுமையும் குறைவு. போர்ட்ரா 400 உயர்ந்த சரக்கு, விலையும் அப்படியே. அந்தி மயங்கிய பின் வீட்டு விளக்கில் எடுப்பவர் மட்டும் 400-ஐ நாடலாம்.

பிலிமைவிட அதிகம் ஏமாற்றுவது காமிராவின் ஒளிமானி. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கொள்ளும் அது, உப்பைக் கண்டதும் ஒளி மிகுதியென்று எண்ணித் துவாரத்தைக் குறுக்கிவிடும். ஆகவே முகத்தருகே போய் அளவெடுங்கள். அதற்கு வசதிப்படாவிட்டால், 200 பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/250 வினாடியும் எப்-16-உம் என்ற பழைய கணக்கை விட்டு எப்-8 வரை திறந்துவிடுங்கள். உப்பு வெளுத்துவிடுமே என்ற பயம் வேண்டாம். நெகடிவில் அதன் விவரம் தங்கியிருக்கும்.

ரோல் மாற்றும்போது உடம்பின் நிழலிலாவது மாற்றுங்கள். லென்ஸில் படிந்த உப்புத் துகளை ஊதித் தள்ளிய பிறகே துணி போடுங்கள், இல்லையேல் கண்ணாடி கீறும். எடுத்த ரோலை வெயிலில் நின்ற காருக்குள் கிடத்தாமல் விரைவில் கழுவக் கொடுத்துவிடுவது உத்தமம். 1972 முதல் வழங்கும் சி-41 முறையில், 37.8 டிகிரி சூட்டில், மூன்றேகால் நிமிஷம் டெவலப்பரில் கிடந்தால் நெகடிவ் உருவாகிவிடும். ஸ்கேன் செய்யும் இயந்திரமும் ஒளிமானியைப்போலவே உப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும் ஆதலால், லேப்காரரிடம் ரோலைக் கொடுக்கும்போதே, "அண்ணே, உப்பைப் பார்க்காதீங்க, முகத்தைப் பார்த்துச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது.