பட்டை வரலைன்னா யார் மேல சந்தேகப்படுவது? ஒரு ஆன்டிபாடியைப் பாதுகாப்பது பற்றி

போன எபிசோடுல வெஸ்டர்ன் பிளாட்டை எப்படிச் செய்யுறதுன்னு பார்த்தோம். இன்னைக்கு அதுல பயன்படுத்துற ஆன்டிபாடியைப் பற்றி மட்டும் பேசப்போறேன். உதாரணத்துக்கு ஸ்டாட்3 என்ற புரதத்தை எடுத்துக்குவோம்.

இன்டர்லூகின்-6 செல்லின் ஏற்பியோடு சேர்ந்ததும், உள்ளே இருக்கும் ஜாக் நொதிகள் ஸ்டாட்3-இல் 705-ஆவது இடத்தில் உள்ள டைரோசின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். அப்படி ஏறிய ஸ்டாட்3 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், அழற்சி தொடர்பான ஜீன்களை இயக்கும். 'பாஸ்போ ஸ்டாட்3' ஆன்டிபாடி, பாஸ்பேட் ஏறிய அந்த வடிவத்தை மட்டும்தான் பிடிக்கணும்.

இப்போ மெம்பிரேன்ல பட்டை வரலைன்னு வைங்க. சமிக்ஞையே இல்லாமல் இருக்கலாம். சாம்பிள் தயாரிக்கும்போது பாஸ்பேட் கழன்றிருக்கலாம். ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கலாம். மூணுக்கும் பார்வைக்கு ஒரே வெற்று மெம்பிரேன்தான். நோயாளியிடமிருந்து ஒரே ஒரு தடவை கிடைத்த சாம்பிள்னா, திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது. அதனால ஆன்டிபாடியைச் சேமிப்பதையும் பரிசோதனையின் ஒரு பகுதியாத்தான் நான் பார்க்கிறேன்.

முதல்ல லேபிளைப் படிங்க. கரைசலில் 50 சதவீதம் கிளிசரால் இருந்தா, மைனஸ் 20 டிகிரியிலும் அது கட்டியாக உறையாது. தேவையானதை எடுத்துட்டு உடனே உள்ளே வெச்சிடலாம்; பிரித்து வைக்க வேண்டியதில்லை. கிளிசரால் இல்லைன்னா, 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் சின்னச் சின்ன குழாய்களில் பிரித்து உறைய வைங்க. ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு, பிடிக்கும் திறனை இழக்கும். பனி சேராமல் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் இதுக்கு ஆகாது. அது அவ்வப்போது சூடாகும்.

ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடின்னா கதை வேற. 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைங்க, உறைய வைக்காதீங்க.

சோடியம் அசைடு பூஞ்சை, பாக்டீரியா வராமல் காக்கும். ஆனா எச்ஆர்பி நொதியின் வேலையை அது தடுக்கும். அதனால எச்ஆர்பி இணைத்த ஆன்டிபாடியில் அதைச் சேர்க்கக் கூடாது. உயிருள்ள செல்களில் பயன்படுத்தணும்னா அசைடு இல்லாததை வாங்குங்க.

பயன்படுத்தும் நாளில், மூடியைத் திறப்பதற்கு முன் குழாயைச் சில நொடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்க. மூடியில் ஒட்டிய துளியும் கீழே இறங்கிடும். நீர்க்க வைக்கப் பால் பவுடருக்குப் பதில் பிஎஸ்ஏ நல்லது. பாலில் இருக்கும் கேசீனும் பாஸ்பேட் ஏறிய புரதம்தான், பின்னணி கருத்துப்போகும். சாம்பிளை ஐஸ்மேல் வைத்து, பாஸ்பேட்டேஸ் தடுப்பான் சேர்த்தே தயாரிங்க.

கடைசியா, ஒவ்வொரு பிளாட்டிலும் கூடுதலா இரண்டு லேன் ஒதுக்குங்க: இன்டர்லூகின்-6 கொடுத்த ஹெப்ஜி2 செல்கள் ஒன்று, கொடுக்காதவை ஒன்று. கொடுத்த லேனிலும் பட்டை இல்லைன்னா, சாம்பிளைப் பற்றி எதுவும் சொல்லாதீங்க. அங்கே பட்டை வந்து, சாம்பிளில் மொத்த ஸ்டாட்3-உம் தெரிந்து, பாஸ்போ மட்டும் வரலைன்னாதான் 'சமிக்ஞை தென்படவில்லை' என்று எழுத நமக்கு உரிமை உண்டு.

குழாய்மேல் பிரித்த தேதியையும் லாட் எண்ணையும் எழுதிடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.